படத்து மாமியார் உண்மையா?

போன வாரம் தியேட்டரில் ஓர் இந்தியப் படத்து மாமியார் மருமகளைப் படுத்திய பாட்டைப் பார்த்து, நரைத்த தலையோடு நான் விக்கி விக்கி அழுதேன். ‘உண்மைக் கதை’ என்று நோட்டீஸில் போட்டிருந்ததை அப்படியே நம்பியதன் விளைவு.

மறுநாள் ஆரையம்பதி பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அவர்களும் அதே படத்தைப் பார்த்திருந்தார்கள்.

“ஆரைப் பேய்க்காட்டி ஏமாத்துறானுகள் கா?” என்றாள் பச்சைச் சேலைக்காரி. “பொண்ணு எதுக்குத் தாய்ட வீட்ட உட்டுட்டு மாமிட வீட்டுல போய்க் கிடக்கா? மாப்பிள்ளதானே பொண்ணுட வீட்டுக்கு வாற?”

“இந்தியாவில அப்படியில்லையாம், மச்சி” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“நம்மட புள்ளயக் கலியாணத்துக்குக் கேட்ட கொழும்புப் பொடியனும் தாய்ட வீட்டுக்குத்தான் கூட்டிப் போவாராம். இப்ப முடிவு சொல்லத்தான் போறன். படம் பொய்யெண்டா ஓம் எண்டுருவன்.”

“மாமியோட ஒரு வீட்டுல இரிக்கிற பாடு எனக்கெப்படித் தெரியும்? ஒங்கட மூத்த மருமகனக் கேளுங்க. ஒங்களோடதானே இரிக்கார்.”



“அவர் எனக்கு முன்னால வாயே துறக்கமாட்டார்” என்றாள் பச்சைச் சேலைக்காரி. காத்தான்குடி தாண்டியதும் முடிவுக்கு வந்தாள். “அப்ப படம் உண்மைதான் கா. கொழும்புக்குப் புள்ளயக் குடுக்கேலா.”

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். என் மாமியார் அடுத்த அறையில் இருந்ததால் மெதுவாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப, தியேட்டரில நீங்க அழுதது அந்தப் பொண்ணுக்காக இல்லையா?”