‘எப்போ’ தனிக்குடித்தனம் போன கதை

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, இத்தனை பேச்சையும் கேட்டபிறகும் முகத்தில் சிரிப்பு மாறாமல் அமர்ந்திருக்கும் பொறுமையின் பொன்மலையே, முதலாளி அம்மா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! என் பேத்தியின் படிப்பையும் பட்டத்தையும் படிப்படியாக அடுக்கிவிட்டு, என்னை மட்டும் “மற்றும் அவருடைய பாட்டி” என்று சுருக்கி முடித்துக்கொண்ட வரவேற்புரைத் தம்பியே! (உட்காருப்பா, ஒன்றும் செய்ய மாட்டேன். ஞாபகம் மட்டும் வைத்துக்கொள்வேன்.) கணினி முன்னே கண் கலங்கி, கழுத்து வலித்து, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் காத்துக்கிடக்கும் கண்மணிகளே! ஊசி போட்ட கையோடு நேரே இங்கே வந்திருக்கும் செவிலியர்களே! கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடிவந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பின்வரிசையில் நிற்கும் என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்!

என்னம்மா, பின்னால் கேட்கவில்லையா? மைக்கில் கோளாறு இல்லை. உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நிறுத்தட்டும், நான் ஆரம்பிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருந்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். ஆகா! தூக்காதவர்கள் பொய் சொல்கிறார்கள். அங்கே உட்கார்ந்தால் நம் வாயில் வருவது என்ன? ஆண்டவன் பெயரா? இல்லை. மருத்துவர் பெயரா? இல்லை. “எப்போ?” அந்த ஒரு சொல்தான். எப்போ கூப்பிடுவார்கள்? எப்போ உள்ளே போவோம்? ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் நம் முறை போய்விடுமா, போகாதா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஒரு சின்னக் கருவியைச் செய்தார்கள் நம் நிறுவனத்துப் பிள்ளைகள். பெயரே ‘எப்போ’. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, நடுவில் யார் சக்கர நாற்காலியில் வந்தார் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, “இத்தனை மணிக்கு வாருங்கள், அதுவரை வெளியே உலாவுங்கள்” என்று சொல்லும். சொன்னால் சொன்னபடி நடக்கும். மனிதர்களில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆனால் இந்தச் சமர்த்துக் குழந்தை பிறந்தது எங்கே? ஒரு பெரிய ஆஸ்பத்திரி மென்பொருளின் மூலையில். பில் போடுவது, மருந்து கொடுப்பது, படுக்கை ஒதுக்குவது, ரத்தப் பரிசோதனை முடிவு சொல்வது என்று அத்தனைக்கும் எழுதிய நிரல் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. அதை ‘ரெப்போ’ என்கிறார்கள் பிள்ளைகள். எனக்கு அது கூட்டுக்குடும்பமாகத்தான் தெரிகிறது. யார் செருப்பை யார் போட்டுக்கொண்டு போனார் என்று சாயங்காலம்தான் தெரியும்!

அந்த வீட்டில்தான் இருந்தது எப்போ. ஒருநாள் முதலாளி அம்மா சொன்னார். நூலகத்தில் கேட்கிறார்கள், முடிதிருத்தும் கடையில் கேட்கிறார்கள், சைக்கிள் பழுது பார்ப்பவர் கேட்கிறார். இதை மட்டும் தனியே பிரித்து உலகத்துக்கே திறந்துவிடுவோம். காசு வேண்டாம். யாரும் எடுக்கட்டும், பிரித்துப் பார்க்கட்டும், பிழை இருந்தால் திருத்தட்டும் என்றார். அந்த வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும்! கை தட்டுங்கள். போதும், அவர் வெட்கப்படுகிறார்.

பிரிக்கும் பொறுப்பு மேலாளரிடம் போனது. இதோ, மூன்றாம் வரிசையில் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் நடிக்கிறாரே, அவர்தான். அலுவலகத்தில் அவருக்கு ‘அவசரம் சார்’ என்று பெயர். நான் வைக்கவில்லை. நான் வைத்திருந்தால் இன்னும் காரமாக வைத்திருப்பேன்.

அவசரம் சார் என்ன செய்தார்? பெரிய ரெப்போவிலிருந்து எப்போவின் கோப்புகளை மட்டும் அள்ளினார். புது இடத்தில் கொட்டினார். “முதல் பதிவு” என்று ஒரு வரி எழுதித் தன் பெயரைப் போட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது! கொண்டுபோய் முடிதிருத்தும் கடையில் மாட்டிப் பார்த்தார்.

முதல் வாடிக்கையாளர் வந்தார். திரையில் பெயரைத் தட்டினார். எப்போ கேட்டது: “வெறும் வயிற்றில் வந்திருக்கிறீர்களா?”

அவர் பாவம், வீட்டில் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவர். “இல்லை” என்று தட்டினார். எப்போ சொன்னது: “நாளைக் காலை சாப்பிடாமல் வரவும்.”

அடுத்தவருக்கும் அதே. அதற்கடுத்தவருக்கும் அதே! கடைக்காரர் போன் போட்டார். “சார், காலையிலேர்ந்து ஒரு தலைகூடக் கிடைக்கல. பட்டினி கிடந்தாத்தான் முடி வெட்டணும்னு உங்க மிஷின் சொல்லுது. நான் கத்திரிய வச்சுக்கிட்டு என்னையே வெட்டிக்கவா?”

ரத்தப் பரிசோதனைக்குப் போடவேண்டிய கேள்வி கூடவே வந்துவிட்டது! சரி, அந்த வரியைத் தூக்கிவிடலாம் என்று தூக்கினார் அவசரம் சார். உடனே நேரக் கணக்கு சாய்ந்தது. ஒரு தாடிக்கு இரண்டு நாள் ஆகும் என்றது எப்போ. அந்த வரியை எதற்குப் போட்டார்கள், எதோடு சேர்த்துக் கட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? எழுதிய என் பேத்திக்குத் தெரியும். அவள் எங்கே? குழந்தை பெற்று, விடுப்பில், எங்கள் வீட்டில்!

வந்தார் எங்கள் வீட்டுக்கு. நீலக் கோடு போட்ட சட்டை, இடது கையில் பித்தான் இல்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்தார். என் கையால் கொடுத்த காபியை வாங்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாட்டி, கொஞ்சம் உள்ள போறீங்களா? ஆபீஸ் விஷயம்.”

யார் வீட்டில்? என் வீட்டில்! யார் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு? என் நாற்காலியில்! தாய்மார்களே, நான் போனேனா? கொள்ளுப்பேரனை மடியில் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். அதனால்தான் இன்று உங்களுக்கு இந்தக் கதை கிடைக்கிறது.

இங்கே ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைகள் நிரலில் ஒரு வரி மாற்றினாலும் சும்மா மாற்றுவதில்லை. என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று ஒரு குறிப்பு எழுதி, பெயரும் தேதியும் போட்டுத்தான் சேமிக்கிறார்கள். அந்தக் குறிப்புகள் அத்தனையும் பெரிய ரெப்போவில் பத்திரமாக இருந்தன. அவசரம் சார் அள்ளி வந்தது நிரலை மட்டும். குறிப்புகளை அங்கேயே விட்டுவிட்டார்.

பேத்தி பழைய இடத்தைத் திறந்தாள். வெறும் வயிற்று வரியைத் தேடினாள். கிடைத்தது. “நான்தான் எழுதியிருக்கேன் சார்” என்று சந்தோஷமாக உரக்கப் படித்தாள்: “இந்தக் கேள்வி ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வரவேண்டியது. நேரக் கணக்கோடு சேர்த்துக் கட்டச் சொன்னது அவசரம் சார். தனியாகச் செய்ய நேரம் கேட்டேன், தரவில்லை. உடைந்தால் அவரையே...”

அங்கே நிறுத்தினாள். அவர் நிமிர்ந்தார். என் கொள்ளுப்பேரனுக்கு விக்கல் வந்தது.

“அவரையே... என்னம்மா?” என்றார்.

“கேளுங்கள்னு இருக்கு சார்.”

சிரிக்காதீர்கள்! அங்கே யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

எதை எங்கே அவிழ்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அவிழ்த்தாள், தாடி நேரத்துக்கு வந்தது. பிறகு சொன்னாள்: “சார், மொத்தத்தையும் முறையா பிரிப்போம். எப்போவோட வரிகளை மட்டும் வடிகட்டி, அதுக்குரிய குறிப்புகள், பேர், தேதி எல்லாத்தையும் கூடவே எடுத்துட்டுப் போக வழி இருக்கு. நேரம்தான் ஆகும்.”

“வேணாம்மா. அவ்வளவும் வெளிய போனா ஊரே படிக்கும். இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கோ!”

இருந்தது! எத்தனையோ இருந்தது! “இதுவும் அவசரம் சார் யோசனை. எழுதியது மட்டுமே நான்.” இன்னொருவர் எழுதியது: “அதே தவறு, அதே நான், அதே ஆறிப்போன தேநீர்.” படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது.

“நன்றிப் பக்கத்துல உன் பேரப் பெருசா போட்டுடறேன்மா,” என்றார்.

“அதுல வாட்ச்மேன்லேர்ந்து எல்லார் பேரும் இருக்கும் சார். எந்த வரி யாரோடதுன்னு அதுல தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாடியும், அப்புறம் வயித்துல பிள்ளையோடயும், நான் உக்காந்து எழுதுனது இது ஒண்ணுதான். நாளைக்கு வேற வேலை கேட்டுப் போனா, காட்டறதுக்கு எனக்கு வேற என்ன இருக்கு? ‘முதல் பதிவு’ன்னு உங்க பேரு. நான் எங்க சார்?”

கேட்டீர்களா? நான் எங்கே என்று கேட்டாள். உங்களில் எத்தனை பெண்கள் அதைக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டீர்கள்?

“அப்போ திட்டுனதை மட்டும் மரியாதையா மாத்தி எழுதிடு,” என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஒத்துக்கொண்டிருந்தால் அன்றே பிரச்சினை தீர்ந்திருக்கும். “நீங்க நேரம் தரலைங்கறதுதானே சார் காரணம்? அதை மாத்துனா அடுத்து வர்றவங்களுக்கு எப்படிப் புரியும்? நான் திட்டுனது தெரிஞ்சு யாராவது எனக்கு வேலை தரலைன்னா பரவாயில்ல. இருக்கட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். “பாட்டி, நீங்க சொல்லுங்க. இது வெளிய போனா என்னை எவன் மதிப்பான்?”

உள்ளே போகச் சொன்ன மனிதர் இப்போது என்னிடம் நியாயம் கேட்கிறார்! “நீங்க சொல்லாததையா எழுதியிருக்கா?” என்று கேட்டேன். கோபத்தில் குறிப்புகளை விறுவிறுவென்று கீழே தள்ளிக்கொண்டே போனார். தள்ளித் தள்ளி அடிக்குப் போய்விட்டார். அங்கே நின்றார்.

எப்போவின் முதல் குறிப்பு. எழுதியவர் யார்? அவரே! மேலாளர் ஆவதற்கு முன்னால், சாதாரணப் பொறியாளராக இருந்த காலத்தில் தொடங்கி, பிறகு என் பேத்தி கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தொடங்கியது நினைவிருக்கிறது, எழுதியது நினைவில்லை. மெதுவாகப் படித்தார்: “இன்று அப்பாவோடு ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். எப்போ, எப்போ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் சொல்லவில்லை. அதனால் இதைத் தொடங்குகிறேன்.”

அப்பா இப்போது இல்லை என்று பிறகுதான் சொன்னார்.

அவ்வளவு உருகாதீர்கள், அடுத்த குறிப்பைக் கேளுங்கள். அதுவும் அவர் எழுதியதுதான்: “முதலாளி அம்மா சொன்ன தேதிக்குள் இதை முடிக்க மனிதப் பிறவியால் ஆகாது. முடித்துவிட்டேன். நன்றாக இல்லை.”

தலைவர் அவர்களே, முதலாளி அம்மா, இப்போது நீங்கள் சிரிக்கலாம். அன்றும் சிரித்தீர்கள், போனில் எனக்கே கேட்டது. யாரும் அவரைப் போன் போடச் சொல்லவில்லை. அவராகவே போட்டார். உங்களைத் திட்டியதை உங்களுக்கே படித்துக் காட்டினார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “நல்லா இல்லைன்னு நான் அப்பவே சொன்னேன், நீ ஒத்துக்கல. இப்ப கையெழுத்தோட மாட்டினியா? ஒண்ணையும் அழிக்காதே. அப்படியே போகட்டும்!”

அப்படியே போனது! நோயாளிகளின் விவரங்களையும் பூட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களையும் மட்டும் கவனமாகக் களைந்தார்கள். மற்ற அத்தனையும் போனது. உழைப்பும் போனது, உரசலும் போனது. பாசமும் போனது, பழியும் போனது. அவசரம் சார் தன் “முதல் பதிவை”த் தன் கையாலேயே அழித்தார். அதைப் பார்த்தபிறகுதான் அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று இன்றுவரை சொல்லவில்லை. அதுவும் என் நினைவில் இருக்கிறது.

பிறகு? ஒரு வாரம் சத்தமில்லை. இன்னொரு வாரம் சத்தமில்லை. பேத்தி வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போய்ப் போய்ப் பார்ப்பாள். உலகத்துக்கே கதவைத் திறந்துவைத்து யாரும் வரவில்லை என்றால் எப்படி இருக்கும்?

ஒரு காலையில் அடுப்பங்கரைக்கு ஓடி வந்தாள். தலை வாரவில்லை, முகம் கழுவவில்லை. “பாட்டி! யாரோ என்னைத் திட்டியிருக்காங்க பாட்டி!”

“எவன்டி அவன்?” என்று கரண்டியோடு கிளம்பினேன்.

“அவன் இல்ல பாட்டி, அவங்க. எங்கேயோ கடல் தாண்டி ஒரு நூலகத்துல வேலை பாக்குறாங்க. எப்போவை அங்க மாட்டியிருக்காங்க. பாருங்க, என் பேரைப் போட்டு எழுதியிருக்காங்க!” படித்தாள்: “இந்த வரியை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று குறிப்பில் பார்த்தேன். நூலகம் மதியம் மூடுமென்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் வரச்சொல்கிறது. நான் திருத்தி அனுப்பியிருக்கிறேன். சரியா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் சேர்ப்பேன்.”

நீங்கள் சொன்னால்தான்! முகம் தெரியாத ஒருத்தி, கடல் கடந்து, என் பேத்தியை அவள் பெயராலேயே தேடி வந்து, அவள் எழுதிய வரிக்கு அவளையே பொறுப்பாக்கி, அவளிடமே அனுமதியும் கேட்கிறாள்! நன்றிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? பாராட்டியிருப்பார்கள், போயிருப்பார்கள். தேடி வந்து திட்டியிருப்பார்களா?

என் தோழர்களே, தாய்மார்களே! உங்கள் வேலையில் உங்கள் பெயர் இருக்கட்டும். அதில் இருக்கும் பிழையிலும் உங்கள் பெயர் இருக்கட்டும். கோபம் வந்தால் எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள், கீழே பெயரைப் போடுங்கள்! எப்போவின் கதவு திறந்திருக்கிறது. வாருங்கள், குறை சொல்லுங்கள். என் பேத்தியைத் திட்ட வேண்டுமா? திட்டுங்கள், பெயர் சொல்லித் திட்டுங்கள்! அந்தக் காலையில் அவள் முகத்தைப் பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

அழைத்த முதலாளி அம்மாவுக்கும், எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும், கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்ட மூன்றாம் வரிசைக்கும் என் நன்றியைச் சொல்லி, கை கூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!