ஒப்ராத் ஊதினால்தான் ஆட்டம்

ஸ்தாமென்கா: அவர் உன் தோளை இடிச்சுக்கிட்டுத்தானே நிக்கறார், அண்ணா. நீயே கேளேன்.

ஒப்ராத்: நான் அவன்கிட்ட பேசறதில்ல. நீ கேளு. மேளத்தை எந்த மரத்தடியில வெக்கப் போறான்னு கேளு. அதுக்கு எதிர்ப்பக்கம் நான் நிக்கறேன்.

திஹோமிர்: உங்கண்ணன்கிட்டச் சொல்லும்மா. மேளம் எப்பவும் இருக்கற எடத்துலதான் இருக்கும்.

ஸ்தாமென்கா: ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நடுவுல நான் எதுக்கு? அங்க பாருங்க... என் பிள்ளைங்க கம்பளிச் சட்டையும் தோல் செருப்புமா, கையைக் கோத்துக்கிட்டு வெயில்ல நிக்குதுங்க. விழாவ என் குழு தொடங்கி வெக்கறது இதான் முதல் தடவை. ட்ரம்பெட் ஊதினாத்தானே கோலோ ஆட்டம் ஆரம்பிக்க முடியும்?

ஒப்ராத்: கூட்டத்துக்கு என்ன அவசரம்?

ஸ்தாமென்கா: கூட்டம் முட்டைக்கோஸ் பானையச் சுத்தி நிக்குது. குடும்பத்தோட வாங்க, எல்லாம் இலவசம்னு நோட்டீஸ் ஒட்டினதும் மொராவா ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தெல்லாம் வந்து இறங்கிட்டாங்க. ஆட்டம் தொடங்காம பானையத் திறக்க மாட்டேன்னு சமையக்காரர் உக்காந்திருக்கார். இன்னும் கொஞ்ச நேரம் போச்சுன்னா என்னைத்தான் வேக வெப்பாங்க.

திஹோமிர்: நான் தயார். அவனைக் கேளு.

ஒப்ராத்: அவன் மேளத்துக்கு நான் ஊத மாட்டேன்.

ஸ்தாமென்கா: சரி, மிலுன் ஊதட்டும்.

ஒப்ராத்: மிலுன் ரெண்டாவது ட்ரம்பெட். முதல் ஊதல் என்னுது.

ஸ்தாமென்கா: அப்ப ஊது.

ஒப்ராத்: மாட்டேன்.

ஸ்தாமென்கா: நீயும் ஊத மாட்ட, ஊதறவனையும் விட மாட்ட. ஒப்ராத் அண்ணன் கண்ணைக் காட்டட்டும்னு மத்தவங்க வாத்தியத்தைத் தொடைச்சுத் தொடைச்சு வெச்சுக்கிட்டிருக்காங்க. அவங்க என்ன பாவம் பண்ணாங்க? இந்தக் கோடையில ஒரு கல்யாணத்துக்குக்கூட போகல நீங்க. அப்படி என்னதான் பண்ணிட்டார் உன் கும்?

ஒப்ராத்: கும்மாம் கும். என் கல்யாணத்துல மெழுகுவத்தி பிடிச்சு சாட்சி நின்னவன். அவன் வீட்டு சாமி திருநாளுக்கு என்னைக் கூப்பிடல.

திஹோமிர்: கேட்டியா?

ஸ்தாமென்கா: அண்ணா... சாமி திருநாளுக்கு எவன் எவனைக் கூப்பிட்டான்? செர்பியாவுல அப்படி ஒரு வழக்கம் உண்டா? தபால்காரர்கூட தானா வந்து, சாப்பிட்டு, வாயத் தொடைச்சுக்கிட்டுப் போவார்.

ஒப்ராத்: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

திஹோமிர்: சொல்லக்கூடாதுங்கறதுதானே வழக்கம்? மெழுகுவத்தி ஏத்தினேன், பாதிரியார் வந்து ரொட்டிய வெட்டினார், அவன் நாற்காலி மட்டும் பொழுது சாயற வரைக்கும் காலி. என் மாமியா தன் கோட்டக் கழட்டி அதுல மாட்டப் போனா. நான் மாட்ட விடல.

ஒப்ராத்: மாட்டியிருக்கலாமே.

ஸ்தாமென்கா: பேரப்பிள்ளையப் பாத்துக்க அண்ணி வியன்னாவுக்குப் போனதுலேர்ந்து உனக்குப் புத்தி இப்படி ஆயிடுச்சு. தனியா உக்காந்து எதையாவது...

ஒப்ராத்: இன்னொண்ணும் இருக்கு. ஈஸ்டர் முடிஞ்சு மிலுன் தங்கச்சி கல்யாணம் நடந்துச்சே... அன்னிக்கு இவன் மேளத்தை அடிச்ச அடி இருக்கே, என் ஊதல் எவன் காதுலயாவது விழுந்துச்சா? கேளு.

ஸ்தாமென்கா: அடிச்சீங்களா?

திஹோமிர்: அடிச்சேன்.

ஸ்தாமென்கா: எதுக்கு?

திஹோமிர்: மேளம்னா அடிக்கறதுதான்.

ஸ்தாமென்கா: எனக்குன்னு வந்து வாய்ச்சீங்களே ரெண்டு பேரும்... அதோ, சின்னது ஒண்ணு அழ ஆரம்பிச்சிடுச்சு. நான் போறேன். திரும்பி வரும்போது ஒருத்தர் ஊதணும், ஒருத்தர் அடிக்கணும். இல்லேன்னா ரெண்டு பேரையும் அந்தப் பானையில போட்டு மூடிடுவேன்.

திஹோமிர்: போயிட்டா. இனி யார்கிட்டச் சொல்லி அனுப்புவ?

ஒப்ராத்: மேளமே, உன் முதலாளிகிட்டச் சொல்லு. நான் பேசறதில்லன்னு.

திஹோமிர்: மேளமே, நீ அவன்கிட்டச் சொல்லு. ராக்கியா இருக்கு, ஒரு மடக்கு வேணுமான்னு.

ஒப்ராத்: ...குடு.

திஹோமிர்: பாத்து. பாட்டில்ல பல்லு மாட்டிக்கப் போகுது.

ஒப்ராத்: எந்தப் பல்லு?

திஹோமிர்: கட்டின பல்லு.

ஒப்ராத்: ...யார் சொன்னா உனக்கு?

திஹோமிர்: யாரும் சொல்லல. இத்தனை வருஷமா உன் வாய்க்குப் பக்கத்துலயே நிக்கறேன்.

ஒப்ராத்: முன்பல்லு மொத்தமும் போச்சு, திஹோ. காத்து நிக்க மாட்டேங்குது. உதட்டை அழுத்தினா பல்லு நகருது. அக்கம்பக்கத்துல யாரும் இல்லாதப்போ தொழுவத்துல நின்னு ஊதிப் பாத்தேன்... பசு எழுந்து வெளிய போயிடுச்சு.

திஹோமிர்: அதுக்கு நல்ல காது.

ஒப்ராத்: சிரிக்காதடா. உன் வீட்டுத் திருநாளுக்கு வந்திருந்தா, சாப்பிட்டு முடிச்சதும் 'எடு, ஒண்ணு ஊது'ன்னு மொத்தப் பந்தியும் கேக்கும். எனக்கு வேற என்ன தெரியும்? ஊதறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்னு சொல்லு... வெக்கமா இருந்துச்சு.

திஹோமிர்: தெரியும்.

ஒப்ராத்: அப்ப அந்தக் கல்யாணத்துல நீ அடிச்சது...

திஹோமிர்: உன் ஊதல் உடையற எடத்துலெல்லாம் ஓங்கி அடிச்சேன். நிறைய எடத்துல உடைஞ்சுது. மேளத்தோல் கிழிஞ்சு போச்சு.

ஸ்தாமென்கா: என்ன, சத்தமே காணோம்... ரெண்டு பேரும் ஒரே பாட்டில்லயா குடிக்கறீங்க?

ஒப்ராத்: ஸ்தாமென்கா, மிலுன் ஊதட்டும்.

ஸ்தாமென்கா: முதல் ஊதலா?

ஒப்ராத்: முதல் ஊதல்தான். இந்தா, கண்ணைக் காட்டிட்டேன். பாத்துட்டான் பாரு, எழுந்துக்கறான்.

ஸ்தாமென்கா: இதைக் காலையிலயே... ஏண்ணா, கண்ணு ஏன் இப்படி... சரி, நான் ஒண்ணும் கேக்கல. பிள்ளைங்ககிட்ட ஓடறேன். கும், நீங்க குச்சியக் கையில எடுங்க.

திஹோமிர்: எடுத்தாச்சு.

ஒப்ராத்: ஏண்டா... இவ்வளவும் தெரிஞ்சவன் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச? ஒரு நாள் வந்து, 'விடுடா'ன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே சண்டை தீந்திருக்குமே. நான் தினமும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்.

திஹோமிர்: தீந்திருக்கும். தீந்திருந்தா, மறுநாளே நீ ஊதணுமேடா.