ஆட்டம் கலைஞ்சாச்சு

புரோக்கர் சொல்லிட்டாரா? சொல்லியிருப்பாரு, அவரு வாய் சும்மா இருக்காது. கீழ் வீட்டு டெய்லரம்மாவுக்கு மறை கழண்டுடுச்சு, தினமும் சாயங்காலம் வாசல்ல நின்னு கத்தும், மத்தபடி வீட்டுல ஒரு குறையும் இல்ல. அப்படித்தானே? சிரிக்கலாம், தப்பில்ல. அவரு சொன்னது நெசந்தான். ஆறரைக்குக் கத்துவேன். மூணு தடவ. அது ஏன்னு சொல்லாம சாவிய உன் கையில குடுக்க எனக்கு மனசு வரல. இடுப்புல ஒண்ணத் தூக்கிட்டு வந்திருக்கியே, அதுக்காகவாவது சொல்லணும். இதுக்கு முன்ன வந்த ரெண்டு குடும்பம் கேட்டுட்டு அப்படியே படி எறங்கிப் போயிட்டாங்க. நீ போனாலும் உன்மேல எனக்கு வருத்தம் இல்ல. வந்தா சந்தோஷம். தலைக்கு மேல காலடிச் சத்தம் கேட்டு ஒன்றரை வருஷமாச்சு.

பாப்பாவ எறக்கி விடேன், ஓடட்டும். காலி வீடு, ஒடைக்க ஒண்ணும் இல்ல. எத்தன வயசு? நாலா? வாயாடியா, அமைதியா? ம், பாத்தாலே தெரியுது.

அக்கான்னே கூப்பிடு. அம்மாங்கிற அளவுக்கு எனக்கு வயசாகல. முடிதான் நரைச்சுப் போச்சு, அதுவும் இந்த ஒன்றரை வருஷத்துல.

பால்கனிக்கு வா, காத்து வரும். சத்தமா? ஆமா, சத்தந்தான். ஒளிச்சு என்ன ஆகப்போவுது. காலையில அஞ்சு மணிக்குத் தண்ணி லாரி, அப்புறம் சைக்கிள் கடைக்காரர் டொங்கு டொங்குன்னு. மத்தியானம் என் மெஷினு. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன், நாலு ஸ்கூலுக்கு. மூணு மணிக்கு மேல பிள்ளைங்க. அது ஆரம்பிச்சா மத்த சத்தமெல்லாம் காதுலயே விழாது. அப்ப எட்டுப் பிள்ளைங்க இந்தத் தெருவுல. யாரு பெத்தது, யாரு சோறு போடுறதுன்னே தெரியாது. எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கோ அங்க திங்கும். முட்டியில அடிபட்டா கிட்ட இருக்குறவ கழுவி விடுவா. நாம உண்டாகியிருக்கும்போது யாராச்சும் சொல்வாங்கல்ல, எப்படித்தான் வளக்கப்போறியோன்னு? இங்க அந்தக் கவலையே கிடையாது. தெருவே வளக்கும். அப்படித்தான் நானும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

எதிர்ல அதுவா? ஃபிரிட்ஜ் மெக்கானிக் அண்ணன் கடை. கதவெல்லாம் தனியாக் கழட்டி செவுத்துல சாத்தி வச்சிருக்காரேன்னு பாக்குற. இப்பெல்லாம் பழைய ஃபிரிட்ஜ் எது வந்தாலும் வண்டியில இருக்கும்போதே கதவக் கழட்டிடுவாரு, நடுரோட்டுல நின்னு. பின்னாடி ஆட்டோக்காரன் திட்டுவான், காதுலயே வாங்க மாட்டாரு. அதுக்குத்தான் வர்றேன், இரு.

என் பெரியவன் இருக்கானே, அவன் ஒரு கேடி. அப்ப ஒன்பது வயசு. கண்ணாமூச்சி ஆடும்போது இவன் தேடுற முறை வந்தா தேடவே மாட்டான். தெரு நடுவுல நின்னுக்கிட்டு என் குரல்ல கத்துவான். டேய், சாப்பிட வாங்கடா, ஆறிப்போவுதுன்னு. அச்சு அசல் நாந்தான். ஒளிஞ்சிருக்கிறதெல்லாம் திங்கிற ஆசையில தானா வெளிய வரும், நின்ன எடத்துலயே எல்லாத்தையும் பிடிச்சிருவான். ஒரு நாள் பெரிய சண்டை. ஏழும் அழுதுக்கிட்டு என்கிட்ட பஞ்சாயத்துக்கு வந்துச்சுங்க. நான் வாயில குண்டூசியக் கடிச்சிக்கிட்டு காலர் வெட்டிட்டு இருந்தேன். வேலை கெடுதேன்னு ஒரு தீர்ப்பு சொன்னேன் பாரு. இனிமே யாரு என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் ஒளிஞ்சவங்க வெளிய வரக்கூடாது. நானே வந்து கூப்பிட்டாலும் வரக்கூடாது. ஆட்டம் கலைஞ்சாச்சுன்னு மூணு தடவ சொன்னாத்தான் வரணும். அந்த வார்த்தைய ஏமாத்துறதுக்குச் சொல்றவன் அதோட ஆட்டத்துலயே இல்ல. அப்படின்னேன். எல்லாம் தலைய ஆட்டிட்டு ஓடிடுச்சுங்க. நானும் பெரிய ஜட்ஜு மாதிரி சிரிச்சுக்கிட்டேன்.

அந்த ஏழுல ஒருத்தி இந்த வீட்டுப் பொண்ணு. இதே வீடு. ஆறு வயசு. ஒல்லியா, வெடுக்குன்னு இருப்பா, அதனால குண்டூசின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவ அப்பா வெளியூர் வேலை, மாசம் ஒரு தடவ வருவாரு. அம்மாக்காரி ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்குற வேலை, வர ஏழு எட்டு ஆயிடும். ஸ்கூல் விட்டா எங்கிட்டதான். என்னைப் பெரியம்மாம்பா. காந்தத்தக் கையில வச்சுக்கிட்டு மெஷினுக்கு அடியில கெடக்குற ஊசியெல்லாம் பொறுக்கிக் குடுப்பா. ஒண்ணு விடமாட்டா. சொன்ன சொல்லு மாறாத பிள்ள. என் ரெண்டும் பத்து தடவ சொன்னாலும் கேக்காது, அவளுக்கு ஒரு தடவ சொன்னாப் போதும். அதை நான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருப்பேன். அவளப் பாத்துக் கத்துக்கோங்கடான்னு.

அன்னைக்கு மத்தியானம் மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ் வந்துச்சு. கைப்பிடியில தாழ்ப்பாள் வச்ச மாடல், வெளியே இருந்துதான் திறக்கலாம். கடை ஓரமா எறக்கி வச்சுட்டு, ஒரு வீட்டுல ரிப்பேருன்னு கூப்பிட்டாங்க, வந்து பாத்துக்கலாம்னு போயிட்டாரு.

பிள்ளைங்க கண்ணாமூச்சி. நான் சோளம் வேக வச்சிருந்தேன். எட்டு பேருக்கு எட்டு கதிரு. ஆறரை மணி இருக்கும், வாசல்ல நின்னு கூப்பிட்டேன். எல்லாம் வாங்கடி, வாங்கடா, ஆறிப்போவுது, சாப்பிட வாங்க. அன்னைக்குத் தேடுற முறை என் சின்னவளுக்கு. அவ அஞ்சாறு பேரப் பிடிச்சிட்டா, எல்லாத்துக்கும் பசி, ஆட்டத்தப் போட்டுட்டு ஓடி வந்துருச்சுங்க. யாரும் அந்த வார்த்தையச் சொல்லல. நானும் சொல்லல. எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல.

ஒரு கதிரு மிஞ்சிச்சு. அந்நேரம் மேல கதவு திறக்குற சத்தம். அம்மாக்காரி அன்னைக்கு சீக்கிரம் வந்துட்டா. சரி, அம்மாவப் பாத்துட்டு மேல ஓடிட்டாபோல, அவளுக்கு எடுத்து வைப்போம்னு மூடி வச்சேன். மேல அவ என்ன நெனச்சா தெரியுமா? கீழ இவ்வளவு கூத்தா இருக்கே, என் பிள்ளையும் அங்கதான் இருக்கா, நிம்மதியாத் தின்னுட்டு வரட்டும், அதுக்குள்ள குளிச்சிருவோம்னு. ரெண்டு பேரும் ரெண்டு பேரை நம்பிக்கிட்டு இருந்தோம். ஏழரை மணிக்கு தலையத் துவட்டிக்கிட்டே வந்து நிக்கிறா. அக்கா, குண்டூசிய அனுப்புங்கன்னு.

அப்புறம் தெருவே தேடுச்சு. லாரி ஸ்டாண்டு வரைக்கும் ஓடுனாங்க. மெக்கானிக் அண்ணன்தான் திறந்தாரு. சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, தூங்குற மாதிரி. கையில அந்தக் காந்தம்.

இல்லம்மா, நீ அழாத. பாப்பா பாக்குது பாரு.

உள்ள இருந்து தட்டியிருப்பா, கத்தியிருப்பா, இந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்கும். கடை எவ்வளவு தூரம், இங்கிருந்து பாரு, பத்தடி. கேட்டுட்டு, பெரியம்மா கூப்பிட்டாலும் வரக்கூடாதுன்னு பெரியம்மாவே சொல்லியிருக்காங்களேன்னு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பா. அவ குணம் எனக்குத் தெரியும். போலீஸ்காரங்க என்னென்னவோ கேட்டாங்க, இதை மட்டும் யாரும் கேக்கல. என் வீட்டுக்காரர்கிட்ட கூட நான் இதைச் சொன்னதில்ல.

அவ யூனிஃபார்ம் ஒண்ணு எங்கிட்டயே கெடக்கு. வளர்ற பிள்ளையாச்சேன்னு கீழ ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சுத் தச்சது. பிரிக்கவே இல்ல.

அவங்க இருபது நாள்ல காலி பண்ணிட்டாங்க. அம்மாக்காரி என்னை ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் படியில நின்னா. எறங்கல. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. அக்கா, அவகிட்ட இன்னும் யாருமே சொல்லலையேக்கான்னா. எனக்கு மொதல்ல புரியல. மூணு தடவ சொல்ற அந்தச் சட்டத்த குண்டூசி அவகிட்டயும் சொல்லியிருக்கா. புரிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் வாசலுக்குப் போய் நின்னேன்.

முதல்ல தெருவே வெளிய வந்து பாத்துச்சு. இப்ப யாரும் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. சைக்கிள் கடைக்காரர் மட்டும் அந்த நேரத்துக்கு சுத்தியலக் கீழ வச்சிருவாரு. பிள்ளைங்க இப்பவும் ஆடுது, ஓடிப்பிடிச்சு, பந்து, எல்லாம். ஒளியிற ஆட்டம் மட்டும் இந்தத் தெருவுல கிடையாது. உன் பிள்ளைக்கும் அது ஒண்ணுதான் சொல்லிக் குடுக்கணும். மத்ததெல்லாம் நல்ல வீடு, நல்ல ஜனம். நெசமாத்தான் சொல்றேன். மத்தியானம் தண்ணி மட்டும் கொஞ்சம் கம்மியா வரும்.

யோசிச்சு சொல்லு. அவசரமே இல்ல, நாளைக்குக் கூட... அட, மணி ஆறரை ஆயிடுச்சா. போன் அடிக்குது பாரு. வேற யாரு, குண்டூசியோட அம்மாதான். தினமும் இந்நேரத்துக்கு அடிப்பா. பேச மாட்டா, நானும் பேச மாட்டேன். எடுத்துக் கையில பிடிச்சிக்கிட்டே கத்துவேன், கேட்டுட்டு வச்சிருவா. இன்னைக்கு எறங்கிப் போக நேரமில்ல, இந்தப் பால்கனியில இருந்தே சொல்லிடுறேன். பாப்பாவத் தூக்கிக்கோ, பயந்துடப் போவுது. கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும். அவளுக்குக் கேக்கணும்ல.