டிவி மெதுவாக ஓடிய ஞாயிற்றுக்கிழமைகள்

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

எங்கள் வீட்டு டிவி நல்ல டிவி. நாற்பத்து மூன்று இஞ்ச். மகள் வாங்கி, ஆள் வைத்துச் சுவரில் மாட்டிக் கொடுத்தது. அதன் மேல் எந்தக் குறையும் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எம்.ரெட்டியபட்டி ராமசுப்பு. போன வியாழக்கிழமை மதுரையில் உங்களிடம் வந்தேன். அறுபத்தாறு வயது, அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கூட வந்து அழுதவள் என் மகள் காளீஸ்வரி. நீங்கள் மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டீர்கள். தெரியவில்லை என்றேன். வாழைப்பழம், சாவி, குதிரை. என்ன கிழமை என்றீர்கள். வியாழன் என்று தெரிந்தே ஞாயிறு என்றேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னீர்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று கடைசியில் மிஞ்சுகிற இரண்டு வரைக்கும் கடகடவென்று வந்து நின்றுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் பார்த்தவனுக்குத் தப்பாகக் கழிக்க வாய் வரவில்லை. நீங்கள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் தனியா வாங்க, எதையும் மறைக்காமச் சொல்லுங்க" என்றீர்கள். நேரில் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் என் மகள் கோயம்புத்தூர் வேலைக்குப் போவதா, வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறாள். மாதக் கடைசிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டுமாம். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

என் மனைவி தங்கலட்சுமி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. காளீஸ்வரி கல்யாணமாகிக் காரியாபட்டியில் இருக்கிறாள். மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன், அவள், இரண்டு பேருமே மதுரைக்கு பஸ்ஸில் போய் வேலை பார்க்கிறார்கள். அவள் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் இருக்கிறாள். நல்லது கெட்டதுக்கு வருவாள், போவாள். நான் எதுவும் சொன்னதில்லை. சொல்லும்படி என்ன இருக்கிறது?

போன ஆடியில் டிவி உண்மையாகவே மெதுவாகிவிட்டது. ரிமோட்டை அமுக்கினால், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். மகளுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். செட்டிங்ஸ் போய், ஆப்ஸ் போய், ஒவ்வொன்றாகத் திறந்து 'கிளியர் கேச்' என்பதை அமுக்கினாள்.

"நீங்க பாக்குறத எல்லாம் டிவி கொஞ்சங் கொஞ்சம் உள்ள எடுத்து வச்சுக்கிரும்ப்பா. சேந்துபோச்சுன்னா அதால நடக்க முடியாது. மாசத்துக்கு ஒருக்கா இத அமுக்கிவிடுங்க, போதும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஸ்டோரிலும் நூல் சுற்றுகிற காலிக் கோனும் சாக்கும் சேர்ந்து நடக்க வழியில்லாமல் போகும். வருஷத்துக்கு ஒரு முறை நானே நின்று அள்ளிப் போடவைப்பேன். இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை.

டிவி குதித்து ஓடியது. அவள் அதோடு கிளம்பியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. வந்தது வந்தாச்சு என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள், அம்மா படத்தைத் துடைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாயங்கால பஸ்ஸுக்கு அவள் போனபிறகு வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது. எனக்குத் தனியாக இருப்பது பிடிக்காது டாக்டர். அதை இந்த வயதில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் செய்து, டிவி மறுபடி மெதுவாகிவிட்டது என்றேன். அவள் போனிலேயே வழி சொன்னாள். எல்லாவற்றுக்கும் "எங்க?" என்று கேட்டேன். பத்து நிமிஷத்தில் களைத்துப்போய், "விடுங்க, ஞாயித்துக்கெழம நானே வாரேன்" என்றாள். அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்திருக்கிற லீவு நாள் அந்த ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு நாள்தானே கேட்கிறேன், ஆறு நாள் அவர் கூடத்தானே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொய் சொல்லிவிட்டு டிவி வேகமாக ஓடினால் அசிங்கம். ஆகவே விளையாட்டுகளை இறக்கினேன். பதினான்கு விளையாட்டு. பழம் வெட்டுவது, பஸ் ஓட்டுவது, பெண் பொம்மைக்கு அலங்காரம் செய்வது. ஒவ்வொன்றையும் சனிக்கிழமை ஓடவிட்டு டிவியை நிரப்பி வைப்பேன், அவள் பார்த்துக் கேட்டால், கை பட்டு இறங்கியிருக்கும் என்பேன். அலுத்தால் 'கிளியர் டேட்டா'வை அமுக்குவேன். அது கேச் மாதிரி இல்லை. பாஸ்வேர்டு முதற்கொண்டு எல்லாம் போய்விடும், முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அந்த வாரம் அவள் ஒரு மணி நேரம் கூடுதலாக இருப்பாள்.

அவள் கெட்டிக்காரி. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வழி எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அடுத்த ஞாயிறு டிவியும் மெதுவாக இருந்தது, அட்டையும் அங்கேயே இருந்தது. அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எழுதி ஒட்டியும் மறந்துட்டீங்களாப்பா?"

அதைக் கோபமாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் பயந்துபோய்க் கேட்டாள். நான் ரிமோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஐயா, இன்று வரை நான் வாயைத் திறந்து "எனக்கு மறதி" என்று சொன்னதே இல்லை. அவளாக நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு சனிக்கிழமையும் லீவு போட்டு வந்தாள். காலை, மதியம், இரவு என்று போன் வரும். கேஸை மூடினீர்களா, மாத்திரை போட்டீர்களா, கதவைச் சாத்தினீர்களா. ஒரு பிள்ளை தகப்பனை இப்படி விசாரிப்பதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நானும் சும்மா இருக்கக் கூடாதென்று செருப்பை இடம் மாற்றிப் போட்டேன். காபியில் உப்புப் போட்டு, பாதி குடித்து வைத்தேன். அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். அடுத்த வீட்டு மொக்கையன் என்னோடு படித்தவன். அவன் வீட்டு டிவி மட்டுமில்லை, எங்கள் தெருவில் ஐந்து வீட்டு டிவிக்கு நான்தான் கேச் எடுத்துவிடுகிறேன். மூன்று நிமிஷ வேலை. ஒரு ஞாயிறு, காளீஸ்வரி இருக்கும்போதே வாசலில் நின்று கத்தினான்.

"ஏலே ராமசுப்பு, நீ மகராசனா இருக்கணும்ல. டிவி பறக்குது!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மொக்கையனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டேன்: "யாரும்மா இது?"

மொக்கையன் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனான். சாயங்காலம் அவன் மனைவி அழகுத்தாய் எனக்குச் சுக்குக்காபி போட்டுக் கொடுத்தனுப்பினாள். நல்லவர்கள்.

தை மாதம் கோயம்புத்தூர் பேச்சு வந்தது. அவர்கள் ஆஸ்பத்திரி அங்கே புதிதாகக் கிளை திறக்கிறதாம். லேப் முழுவதுக்கும் அவளைப் பொறுப்பாகப் போடுகிறார்களாம். மாப்பிள்ளைக்கும் அங்கே வேலை கிடைக்கும். அடுப்படியில் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரித்து அவள் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. போனை வைத்துவிட்டு எனக்குத் தோசை கொண்டுவந்தாள். நான் தட்டை வாங்கிக்கொண்டு, "தங்கலட்சுமி, சட்னி கொஞ்சம் வையி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். செத்துப்போன அம்மாவின் பெயரை.

சட்னி வைத்தாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், அழுவது எனக்குக் கேட்கக் கூடாதென்று. எங்கள் ஊரில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் விடுவார்கள். அது ஓடிக்கொண்டே இருந்தது. மூடச் சொல்ல நினைத்தேன், இந்த நேரத்தில் வேண்டாமென்று விட்டுவிட்டேன். மறுநாளே கோயம்புத்தூருக்கு வரமுடியாது என்று எழுதிப் போட்டுவிட்டாள். மாப்பிள்ளைதான் இழுத்துப் பிடித்து, டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்று அவகாசம் வாங்கி, என்னை உங்களிடம் அனுப்பியது.

மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன். எனக்கு மறதி இல்லை. எட்டு மாதமாக ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. அவள் வந்த ஞாயிறு எல்லாம் தேதியோடு சொல்வேன்.

இதைக் காளீஸ்வரியிடம் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை மனசு உடைந்துபோகும். எட்டு மாதம் பட்டதெல்லாம் வீண் என்று ஆகிவிடும். அது பாவம். நீங்கள் பெரிதாகப் பொய் ஒன்றும் எழுத வேண்டாம். 'ஞாபகம் சற்றுக் குறைவு, கூட ஆள் தேவை, இடம் மாற்றக் கூடாது' என்று ஒரு வரி எழுதினால் போதும். கணக்கு சரியாக வந்ததைப் பற்றி எழுதாவிட்டால் நல்லது.

'இடம் மாற்றக் கூடாது' என்பதை ஏன் கேட்கிறேன் என்றால், நேற்று மாப்பிள்ளை புதிதாக ஒன்று சொன்னார்: "மாமா, நீங்களும் எங்ககூட கோயம்புத்தூர் வந்துருங்க. ஒங்களுக்குன்னு தனி ரூம்பு போட்டுத் தாரோம்." மகளும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். தங்கமான பிள்ளைகள். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்தவன் அந்த வீட்டில் போய்த் தங்க மாட்டான். போனால் ஒரு காபியோடு எழுந்து வந்துவிடுவான். ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? கட்டிக் கொடுத்த மகளுக்குப் பாரமாகப் போய் உட்காருகிற ஆள் நான் இல்லை டாக்டர்.