குழல்வாய்க்கு மேல் ஒரு சாண்

பெயர் வெர்ஜில் கட்லிப். வயது 63. தகப்பனார் பெயர் ஹோபர்ட் கட்லிப், காலமாகிவிட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். விலாசம் லாரல் ஓடைச் சாலை, மேற்கு வர்ஜீனியா. 2011 டிசம்பர் 28ஆம் தேதி காலை பத்து மணிக்கு, யாரும் அழைக்காமல் தாமே ஷெரிப் அலுவலகத்தில் ஆஜராகிச் சொன்னது.

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். இம்மாதம் 10ஆம் தேதி துப்பாக்கி வெடித்துக் காயம்பட்ட டென்வர் கட்லிப், வயது 58, எனது உடன்பிறந்த தம்பி. பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். அதைப் பற்றி அன்றைக்கே வன அதிகாரியிடம் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்லவே இப்போது வந்திருக்கிறேன்.

வெடித்த துப்பாக்கி எங்கள் அப்பாவுடையது. குழலின் வாய் வழியாக வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கும் பழைய ரகம். வேட்டை முடிந்து வந்ததும் குழலைக் கழற்றிச் சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடைத்து, எண்ணெய் பூசி வைப்பது என் பொறுப்பு. முப்பது வருடம் அதைச் செய்தேன். அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்த பிறகு குண்டை உள்ளே தள்ளும் கோலில் கத்தியால் ஒரு கோடு கீறியதும் நான்தான். குண்டு மருந்தின் மேல் சரியாக உட்கார்ந்தால் அந்தக் கோடு குழல்வாய்க்கு நேராக நிற்கும். கோடு மேலே நின்றால் குண்டு நடுவழியில் சிக்கியிருக்கிறது என்று பொருள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் குழல் கிழியும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா இறந்த பிறகு வீட்டில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. அம்மா, "சின்னவன் மொதல்ல எடுக்கட்டும்" என்றாள். டென்வர் மேப்பிள் மரப் பிடியின் வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவுடையதை எடுத்துக்கொண்டான். குழலுக்குள் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்றதை நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அது அவனுடைய மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி ஆறு வருடம் இருந்தது. நான் ஒருமுறை குழலில் விளக்கடித்துப் பார்த்தேன், உள்ளே துரு குழிகுழியாக அரித்திருந்தது. கழுவச் சொன்னேன். "நீ வேணா பாத்திரம் கழுவுற வேலைக்குப் போண்ணே, நல்லா வருவே" என்றான். ஓபல், அவன் மனைவி, சிரித்தாள். நானும் சிரித்தேன்.

9ஆம் தேதி மாலை டென்வர் வேலிக்கம்பத்தைக் குறிவைத்து மூன்று தடவை சுட்டுப் பழகியிருக்கிறான். குழலைத் துடைக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவனுடைய பிக்கப் வண்டியில் மலையடிவாரத்துக்குப் போனோம். வண்டியின் பின்பலகையைத் தாழ்த்தி, அதன் மேல் காப்பிக் குடுவையை வைத்துக்கொண்டு, இருவரும் எதிரெதிரே நின்று அவரவர் துப்பாக்கியைக் கெட்டித்தோம். நான் முதலில், மருந்தைப் பற்றவைக்கும் சிறு கேப்புகளில் இரண்டை மட்டும் வெடித்துத் துளையின் ஈரத்தைப் போக்கி, மருந்தை அளந்து கொட்டி, குண்டைத் துணியோடு இறக்கினேன். டென்வர் அப்படிக் கேப்பு எதையும் வெடித்துப் பார்க்கவில்லை. மருந்தைக் கொட்டினான். குண்டு முக்கால் தூரம் இறங்கியதும் முந்தின நாள் கரியில் இறுகிக்கொண்டது. கோலின் மேல் உடம்பைச் சாய்த்து இரண்டு முறை அழுத்தினான். "உக்காந்துருச்சு" என்றான்.

கோட்டைப் பார்த்தேன். குழல்வாய்க்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது.

நான் "டென்வர்" என்று கூப்பிட்டேன். அவன் நிமிராமலே, "ஆரம்பிச்சிட்டியா? இரு, தொப்பியக் கழட்டிக்கிறேன். பிரசங்கம் முடிஞ்சதும் காணிக்கைத் தட்டும் வருமா?" என்றான். அதன் பிறகு நான், "ஒண்ணுமில்ல. கையுறைய வண்டியிலயே விட்டுட்டியே" என்றேன். அவன் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, கோலை உருவி அதன் இடத்தில் செருகினான்.

அவன் சுடும்போது குறி தப்பி மான் ஓடிவிடும், அவமானப்படுவான் என்று நினைத்ததாகச் சொல்லலாம் என்று இங்கே வரும் வழியில் யோசித்தேன். அது பொய். குழல் கிழியலாம் என்று எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு சுடும் போட்டியில் அப்படிக் கிழிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு இருபது நிமிடம் ஒரே பாதையில் ஏறினோம். முன்னால் அவன், பின்னால் நான். அவன் பேருந்தில் வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். இரண்டு பாதை பிரியும் இடத்தில், "பெருசா ஏதாவது வந்தா எனக்கு விட்டுருண்ணே" என்று சொல்லிவிட்டு மேட்டுப் பக்கம் போனான். நான் ஓடைப் பக்கம் உட்கார்ந்தேன்.

சுமார் எட்டரை மணிக்கு ஒரு கொம்பு மான் என் எதிரே நாற்பது கெஜத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. துப்பாக்கியின் குதிரையை இழுத்துக் குறி வைத்தேன். சுடவில்லை. மான் மேட்டுப் பக்கம் நடந்து போனது. ஏன் சுடவில்லை என்று இதை எழுதிக்கொள்ளும் அதிகாரி இப்போது கேட்டார். தெரியவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சில நிமிடம் கழித்துச் சத்தம் கேட்டது. துப்பாக்கிச் சத்தம் போல் இல்லை, இரும்பு முறிந்த சத்தம். நான் ஓடினேன். டென்வர் மரத்தடியில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் பிடித்திருந்தான். கையுறைக்குள் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இடது கண்ணும் போயிருந்தது. பெல்ட்டைக் கழற்றிக் கையைக் கட்டினேன். "மான் விழுந்துச்சாண்ணே?" என்று கேட்டான். விழுந்தது என்று சொன்னேன். மான் விழவில்லை. அதன் பிறகு அவனைத் தோளில் தாங்கி வண்டிக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தேன்.

அன்று மதியம் வன அதிகாரி, குண்டு இறங்கியதைப் பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்டார். நான் என் துப்பாக்கியைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டென்வரைப் பார்க்கப் போனேன். ஒரு கையையும் ஒரு கண்ணையும் வைத்துக்கொண்டு பேருந்து ஓட்ட முடியாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஓபல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், எல்லார்கிட்டயும் இவரு இதையேதான் சொல்லிட்டிருக்காரு. அண்ணன் பேச்சக் கேட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்காதுன்னு" என்று அழுதாள். டென்வர், "சரி, இனிமே உன் பிரசங்கத்தக் கேக்குறேன். ஓடிப்போகவும் முடியாது, ஆரம்பி" என்றான். சிரிக்கவும் செய்தான். ஓபல் இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டி கொடுத்தாள், சாப்பிட்டேன்.

இதில் என் மேல் வழக்குப் போட இடமில்லை, பேசாமல் இருந்தது சட்டப்படி குற்றமாகாது என்று அதிகாரி சொன்னார். எழுதித்தான் ஆகவேண்டும் என்றேன். இதன் நகல் ஒன்றை டென்வருக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். டென்வரே எழுதிக் கேட்டால் கொடுப்போம் என்றார்கள். அவன் கேட்கமாட்டான். நீங்களே சொல்லலாமே என்றார் அதிகாரி. இன்று காலை அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் இங்கே வந்தேன்.

இதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். கோட்டைப் பற்றிய இடத்தில் "கவனிக்கத் தவறினேன்" என்று எழுதியிருந்தது. அதை அடித்து "பார்த்தேன்" என்று எழுதச் சொன்னேன். திருத்திய இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) வெர்ஜில் கட்லிப்