பதினேழாம் இலக்கப் பனித்துண்டும் றபீக்கா மெடமும்

கடற்காற்றும் கானலும் கலந்தடிக்கும் கல்முனையிலே, கறுத்த அபாயாவின் மேல் கனத்த குளிரங்கி தரித்து, கதவுக்கு உள்ளே பனியிலும் கதவுக்கு வெளியே வியர்வையிலும் காலமெல்லாம் கடமை செய்த கண்ணியமே! மருதமுனை மண் தந்த மாண்பே! உருகிப் போகும் பொருளுக்கு உருகாத காவலாய் நின்றவரே! எங்கள் பனிக்கட்டி ஆய்வுகூடத்தின் சிரேஷ்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜனாபா றபீக்கா முபாறக் அவர்களே! அஸ்ஸலாமு அலைக்கும்!

'சிரேஷ்ட' என்ற சொல்லைக் கேட்டதும் சபையில் சிலர் ஒருவரையொருவர் பார்ப்பீர்கள். நிர்வாகத்தின் ஏட்டில் அந்தச் சொல் மெடத்தின் பதவிக்கு முன்னால் இல்லை. அது ஏன் இல்லாமற் போனது என்பதைச் சொல்லவே இந்த மடலை எழுதினோம்.

பாராட்டு மடல் என்றால் ஓய்வு பெறுபவரை நோக்கி 'நீங்கள், நீங்கள்' என்று அடுக்குவது வழக்கம். மெடம் அதைப் போன மாதமே தடுத்துவிட்டார். "முகத்துக்கு நேர புகழ்ந்தா எனக்குக் கூசும். ஆரையோ பத்திக் கதைக்கிற மாதிரிக் கதைங்க. நானும் சபையில குந்திக் கேக்கன்" என்றார். அதன்படியே எழுதியிருக்கிறோம். மடலை வாசிப்பவர் பெரியநீலாவணை ஜீவராஜ். வேறு எவரும் வாசிக்கக் கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார். தன் பெயர் வரும் இடத்தில் அவர் திக்கினால் சபையோர் பொறுத்தருள வேண்டும்.

மெடம் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தொரு வருடங்கள். அப்போது இங்கே பனி ஆராய்ச்சி என்று எதுவும் இருக்கவில்லை. மீனுக்குப் போடும் ஐஸின் தரத்தைச் சோதிக்க இரண்டு மேசைகள் இருந்தன. பின்பக்கம் ஒரு குளிரறை இருந்தது. ஏற்றுமதி மீனுக்கென்று கட்டி, ஒரு மீன்கூட வந்து சேராத அறை. பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு பேராசிரியர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் இமயமலையையே வைக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெடம் மட்டும் கதவோரத்து ரப்பரை விரலால் தடவிக்கொண்டு நின்றார். "இது காத்து விடுது சேர். இத மாத்துங்க, மறுகா வைக்கலாம்" என்றார்.

ரப்பர் மாறியது. இமயமலையும் வந்தது. முழு மலை அல்ல. ஒரு பனியாற்றில் துளையிட்டு எடுத்த, முழங்கை நீளத் துண்டுகள் இருபத்திரண்டு. வெளிநாட்டு ஆய்வு நிலையம் ஒன்று அவற்றை எங்களை நம்பி அனுப்பியது.

அந்தத் துண்டுகளில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு மெடம் சொல்லும் விளக்கம் இது. மழைக்காற்று கடலின் மேல் வரும்போது அலை தெறிக்கும் உப்பைத் தூளாக அள்ளிக்கொள்கிறது. அந்தத் தூள் மலைக்குப் போய்ப் பனியோடு விழுகிறது. அடுத்த வருடப் பனி அதன் மேல் விழுகிறது. அதற்கு மேல் அடுத்தது. பாரம் ஏற ஏறக் கீழேயுள்ள பனித்தூள் இறுகிக் கட்டியாகிறது. தூளுக்கு இடையில் இருந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. குமிழிகளாக உள்ளேயே சிறைப்பட்டு நசுங்கிக் கிடக்கிறது. ஆகவே ஒரு துண்டை அறுத்து, படை படையாக உப்பை அளந்தால், எந்த வருடம் மழைக்காற்று பலமாக வீசியது, எந்த வருடம் சோர்ந்தது என்று தெரிந்துவிடும்.

"மழ வந்ததும் வராததும் வயலுக்குத் தெரியும். ஆனா வயல் எழுதி வெக்காது. பனி எழுதி வெக்கும்" என்பார்.

சந்தையில் அவரைக் கேலி செய்யாத மீன்காரன் இல்லை. "என்ன ராத்தா, இமயமல சொகமா இரிக்கா?" என்று ஒருவன் கேட்டால், "ஓம் தம்பி, உன்ட மீன விடப் புதுசா இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

வேலை லேசானதல்ல. பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் நாற்பது நிமிடம் நின்று அறுக்க வேண்டும். உள்ளே நாற்காலி கிடையாது. குளிரில் உட்கார்ந்தால் உடம்பு இறுகிவிடும் என்று அவரே வெளியேற்றிவிட்டார். வெளியே வந்ததும் முப்பத்து மூன்று பாகை வெயில். முதலில் விரல்கள் மரத்தன. பிறகு தோள் பிடித்தது. கடைசி ஆறு வருடங்களாக முழங்கால். கதவைத் திறந்து வந்து, சுவரில் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். அந்த நேரத்தில் நாங்கள் எவரும் அவரோடு கதைப்பதில்லை.

நாடே இருட்டில் கிடந்த அந்த வருட நோன்பை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. எங்கள் ஆய்வுகூட உதவியாளர் றிபாஸ் இரண்டு நாள் வரிசையில் நின்று வெற்று டீசல் கானுடன் திரும்பி வந்தார். குளிரறையின் முள் மேலே ஏறத் தொடங்கியது. பூச்சியத்துக்குக் கீழே இருபது, பதினேழு, பதினான்கு. உருகத் தொடங்கினால் ஒரு வருடத்து உப்பு அடுத்த வருடத்துக்குள் கசிந்துவிடும். பிறகு அது வெறும் குளிர்ந்த தண்ணீர்.

மெடம் றிபாஸைச் சாய்ந்தமருதுக்கு அனுப்பினார். அங்கே ஐஸ் ஆலை வைத்திருந்த நஜீம் காக்கா, கரன்ட் வந்த மணித்தியாலங்களில் உறைந்த கட்டிகளைத் தந்தார். ஆனால் ஆலை ஐஸ் மட்டும் போதாது. அது பூச்சியத்தில் உருகும். எங்களுக்கு அதைவிடக் குளிர் வேண்டும். அதற்கு மெடம் கண்ட வழி கல்லுப்பு. நொறுக்கிய ஐஸில் உப்பைக் கலந்தால் ஐஸ் உருகத் தொடங்கும். உருகுவதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது தன்னிடமிருந்தும் பக்கத்தில் இருப்பதிடமிருந்தும் பிடுங்கும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்று சரியாகக் கலந்தால், கலவை பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை வரை இறங்கும்.

நாங்கள் அளக்க வந்ததே உப்பை. துண்டில் ஒரு துளி உப்புநீர் பட்டாலும் ஆராய்ச்சி கெட்டது. உப்பே எதிரி, காப்பாற்றவும் உப்பே வேண்டும். ஒவ்வொரு துண்டையும் இரண்டு பைகளில் கட்டி, ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பெட்டிகளில் அடுக்கி, சுற்றிலும் உப்பு ஐஸைக் கொட்டி, வெளியே றிபாஸ் சவளக்கடை ஊரிலிருந்து கொண்டுவந்த உமிச் சாக்குகளை அணைத்தார் மெடம். உமிக்குள் காற்று நிற்கும். நிற்கும் காற்று வெப்பத்தை உள்ளே விடாது. அரை மணிக்கு ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்தார். பகல் முழுக்க வாயில் பச்சைத்தண்ணீர் படாத உடம்போடு, ஒன்பது நாட்கள்.

ஒன்பதாம் நாள் அந்தியில் நடந்ததே நாங்கள் இவ்வளவு காலமும் சொல்லாதது.

ஜீவராஜ் நோன்பு பிடிப்பவர் அல்ல. ஆனால் இங்கே சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே, நோன்பு திறக்கும் நேரத்துக்கு எங்களுக்குச் சர்பத் கரைப்பது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல, அவரே எடுத்துக்கொண்டது. "பகல் முழுக்கக் காஞ்ச ஆக்கள் எழும்பித் திரியக் கூடா. குந்துங்க, நான் கலக்கித் தாறன்" என்பார். அவர் கணிப்புக்காரர், பனியை எண்களாக மட்டுமே அறிந்தவர். மூச்சிழுப்பு வருத்தம் இருந்ததால் குளிரறைக்குள் அவர் போவதே இல்லை.

குடிப்பதற்கான நல்ல ஐஸை றிபாஸ் அன்று தனிப் பெட்டி ஒன்றில் கொண்டுவந்திருந்தார். உப்பு ஐஸ் மாற்றுவதற்காகக் குளிரறைக்கு வெளியே எடுத்திருந்த சில பெட்டிகளும் அதனருகே இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிகள். பெட்டிகளின் மேல் மெடம் எழுதிய இலக்கங்களை உப்புநீர் கரைத்திருந்தது. பதினேழாம் துண்டு வரும் வழியிலேயே உடைந்து, பைக்குள் கைப்பிடிக் கட்டிகளாகக் கிடந்தது. மங்கல் வெளிச்சத்தில் அது குடிக்கும் ஐஸ் போலவே தெரிந்தது.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. மெடம் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து, கிளாஸை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது. கிளாஸைக் காதருகே கொண்டுபோனார்.

சர்பத்துக்குள்ளே மெல்லிய வெடிச்சத்தம் கேட்டது. பொரி பொரிவது போல, விட்டு விட்டு. ஆலை ஐஸ் அப்படிப் பொரியாது. நூறு மீற்றர் பனியின் பாரத்துக்குக் கீழே நசுங்கிக் கிடந்த காற்றுக்குத்தான் வெளியே வரும்போது அந்தச் சத்தம் உண்டு.

"ஜீவராஜ்," என்றார் மெடம், குரலை உயர்த்தாமல். "ஐஸ எந்தப் பெட்டியில எடுத்த?"

"ஓரத்துப் பெட்டியில மெடம். ஏன், ஊத்த ஏதும் கிடக்கா?"

றிபாஸ் அதற்குள் தன் கிளாஸை முழுதாகக் குடித்து வைத்திருந்தார். "நல்லாத்தானே இரிக்கி. இன்னொண்டு ஊத்துங்க ஜீவா."

"குடிக்காத மகன். அது பதினேழு."

கிளாஸ் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. ஜீவராஜ் ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து நிலத்தில் குந்திவிட்டார். அவருடைய நியமனம் தற்காலிகமானது. நிரந்தரமாக்கும் கூட்டத்துக்கு இன்னும் மூன்று கிழமைகள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"மெடம், நான் என்ன செய்யிற இப்ப? நானே முழுசையும் சர்பத்துக்குள்ள கொட்டிப்போட்டன்."

"அப்ப அந்த வருசத்து மழக்காத்து என்ட வயித்துக்குள்ளயா?" என்று கேட்டார் றிபாஸ். அவர் பகடிக்குக் கேட்கவில்லை, பயத்தில்தான் கேட்டார். ஆனால் மெடம் சிரித்துவிட்டார். ஒன்பது நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பதிவேட்டை எடுத்தார். மரத்த விரல்களால் மெதுவாக எழுதினார்: 'இலக்கம் 17 அழிந்தது. காரணம்: தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கவனக்குறைவு.' கீழே தன் கையொப்பத்தை வைத்தார்.

"மெடம், இது பொய்" என்றார் ஜீவராஜ்.

"பொய்யில்ல. பெட்டியில இலக்கத்தக் கரையாத மையால எழுதியிரிக்கணும். எழுதல்ல. அது என்ட வேலதானே. நோன்பாளிக்குத் தண்ணி தந்தவன எழுதிக் குடுக்க எனக்கு ஏலா." பேனையை மூடினார். "நான் பென்சனுக்குப் போற வரைக்கும் இந்தக் கதை ஒருத்தர்ர வாயாலயும் வரக்கூடா. சரியா? இப்ப வேற ஐஸப் போட்டுக் கலக்குங்க. தொண்ட காயுது."

மிச்சம் இருபத்தொரு துண்டுகளும் பிழைத்தன. அடுத்த கிழமை டீசல் கிடைத்தது. ஜீவராஜின் நியமனம் நிரந்தரமானது. எங்கள் வரைபடம் வெளிவந்தபோது மழைக்காற்றின் கோடு ஓரிடத்தில் அறுந்து மீண்டும் தொடர்ந்தது. ஏன் அறுந்தது என்று அதை வாசித்தவர்கள் கேட்டார்கள். 'மாதிரி இழப்பு' என்று எழுதிக்கொடுத்தோம்.

மறு வருடம் பதவி உயர்வுக்கான நேர்முகத்தில் மெடத்தின் முன் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை வைத்தார்கள். ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். "எழுதினது நான்தான்" என்றார். திரும்பி வந்து, "கிடைக்கல்ல" என்ற ஒரு சொல்லோடு குளிரங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று அவர் வெளியே வரச் சுணங்கியது. வந்ததும் வழமைபோல் சுவரில் கையை ஊன்றி நின்றார். ஜீவராஜ் எதையோ சொல்ல வாயெடுத்தார். மெடம் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டித் தடுத்தார்.

மதிப்புக்குரிய மெடம்! உங்கள் கட்டளையை இன்றுவரை காத்தோம். பாரமாகத்தான் இருந்தது. இன்று நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். எங்கள் வாயும் திறந்துவிட்டது. ஆகவே இனி 'நீங்கள்' என்றே சொல்கிறோம், கூசினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலை அந்தப் பதிவேட்டை எடுத்து, உங்கள் வரியின் கீழே, கரையாத மையால், நடந்ததை நடந்தபடி எழுதினோம். ஐஸை எடுத்தது ஜீவராஜ், குடித்தது றிபாஸ், தெரிந்தும் மௌனமாக இருந்தது நாங்கள் எல்லோரும். அதன் பிரதியை நிர்வாகத்துக்கும் துண்டுகளை அனுப்பிய ஆய்வு நிலையத்துக்கும் அனுப்பிவிட்டோம். உங்கள் பதவியைத் திருத்தித் தரும்படியும் கேட்டிருக்கிறோம். பதில் வருமா, வந்தால் என்ன வரும், எங்களில் எவர் விசாரணைக்குப் போக நேரும் என்று தெரியாது. தெரியாமலே அனுப்பினோம். அதை எங்களுக்குப் பழக்கியது நீங்கள்.

குளிரறையின் திறப்புச் சாவியை இன்று றிபாஸ் பொறுப்பேற்கிறார். ரப்பரை மாதம் ஒரு தடவை தடவிப் பார்ப்பதாக எழுத்தில் தந்திருக்கிறார். ஜீவராஜ் மூக்கை மூடிக்கொண்டாவது உள்ளே போகப் பழகுவதாகச் சொல்கிறார். எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

வல்ல அல்லாஹ் உங்கள் முழங்காலுக்குச் சுகத்தையும், தோளுக்கு ஆறுதலையும், விரல்களுக்குச் சூட்டையும், நீண்ட ஹயாத்தையும் தருவானாக! கணவர் முபாறக் காக்காவோடும் பிள்ளைகளோடும் மனம் குளிர்ந்து வாழ்வீர்களாக! உடம்பு இனிக் குளிர வேண்டாம், மனம் மட்டும் குளிரட்டும்!

பொன்னாடையும் நினைவுத் தட்டும் வழமைபோல் உண்டு. அவற்றோடு, மேடையின் வலப்பக்கம் துணி போர்த்திய ஒரு பொருளும் இருக்கிறது. நஜீம் காக்கா ஆலைத் தச்சனைக் கொண்டு தேக்கில் செய்து அனுப்பியது. கையூன்ற இரண்டு பக்கமும் அகலமான கைப்பிடி வைத்த நாற்காலி. ஜீவராஜ் இந்த வரியை வாசித்து முடித்ததும் துணியை எடுப்பார்.

முப்பத்தொரு வருடம் நின்றீர்கள், மெடம். இனி உட்காருங்கள்.

இவ்வண்ணம்,
பதினேழாம் இலக்கத்துக்குப் பொறுப்பான
ஜீவராஜ், றிபாஸ் மற்றும் ஏனைய ஊழியர்கள்
பனிக்கட்டி ஆய்வுகூடம், கல்முனை