வரலட்சுமிக்கு வயிற்றுவலி இல்லை

என் பெயர் துளசிங்கம், வயது அறுபத்து மூன்று, தகப்பனார் வேடியப்பன், ஊர் திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை, தொழில் கூலி நெசவு. எழுத்து கோணலாக இருப்பதை அதிகாரி அவர்கள் மன்னிக்க வேண்டும். முதியோர் கல்வியில் இப்போதுதான் படித்தேன். நானே எழுதுகிறேன் என்று இந்த ஸ்டேஷனில் கேட்டுக் காகிதம் வாங்கினேன். ஒரு வரி முடிந்ததும் மனம் குளிர்கிறது. இந்த விஷயத்துக்கு அது தகாது என்றும் தெரியும்.

நான் நெய்யும் தறி வரதராஜனுடையது. அவர் கொட்டகையில் சாயங்காலம் அவர் மகன் பரந்தாமன், ஆங்கிலப் பரீட்சையில் தவறியவர்களுக்கு டியூஷன் எடுப்பார். அது முடிந்து எங்கள் முதியோர் வகுப்பு. நான் முன்பே போய்ப் பின்னால் உட்காருவேன். இறந்துபோன வரலட்சுமி என் பக்கத்து வீட்டு எல்லம்மாளின் மகள், அங்கே படித்தவள்.

சென்ற செவ்வாய்க்கிழமை, இரண்டு வாக்கியங்களை ஹூ, விச், ஹூஸ் என்ற சொற்களைப் போட்டு ஒன்றாக்கும் பாடம் நடந்தது. பரந்தாமன் ஆங்கிலத்தில் சொல்லித் தமிழிலும் சொன்னார். வரலட்சுமி தடுமாறினாள். அதன் பிறகு அவளைப் பலகை முன் நிறுத்தி, இவள் ஒரு பெண், இவள் கழுத்தில் வெள்ளை விழுந்திருக்கிறது, சேர்த்து எழுது என்றார்.

"வேற ஏதாச்சும் குடுங்க சார்."

"உன்னவிட நல்ல உதாரணம் எங்கம்மா கெடைக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கழுத்தில் இருந்த வெண்படை மறையத் தாவணியைச் சுற்றிக்கொண்டு எழுதினாள். சரியாகவே எழுதினாள். "கழுத்தில் வெள்ளை விழுந்த பெண் இவள்" என்று அவர் தமிழில் சொல்லி, இரண்டு பாஷையிலும் வகுப்பு முழுவதையும் சேர்ந்து சொல்ல வைத்தார். மறுநாள் டீக்கடை அருகே பையன்கள் அதையே பாட்டாகப் பாடிக்கொண்டு அவள் பின்னால் போனதைப் பார்த்தேன். அதற்கு மறுநாள் காலை அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

அதன் பிறகு வரதராஜன், போலீசுக்குக் கொடுக்க என்று ஒரு காகிதமும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார்.

"நைனா, கட்டவெரல நீட்டு."

"படிச்சிட்டு வைக்கிறங்க."

"நீயா? படி, படி, நாங்களும் கேக்கறோம்."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். தீராத வயிற்றுவலியால் கிணற்றில் விழுந்தாள் என்று இருந்தது. கீழே முதல் ரேகை எல்லம்மாளுடையது. துக்கத்தில் இருந்தவளிடம், பிணத்தை வாங்க ரேகை கேட்கிறார்கள் என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு வயித்துவலியே கெடையாதுங்க" என்றேன்.

"நாளையிலேர்ந்து தறிப்பக்கம் வராத" என்றார்.

இங்கே வருமுன் எல்லம்மாளிடம் போய், எழுதப்போவதைச் சொன்னேன். "கழுத்தப் பத்தி மட்டும் எழுதாதண்ணா" என்றாள். அதை விட்டால் மறுபடியும் வயிற்றுவலிதான் ஆகும் என்றேன். அவள் மை போகாத விரலைப் புடவையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆங், எழுது" என்றாள்.

மேலே உள்ளது நான் கண்டதும் கேட்டதும். யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் எனக்குப் படித்துக் காட்டவும் இல்லை, நானே படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அடுத்த வாரம் விசாரணைக்கு அழைத்தாலும் வந்து என் கையாலேயே எழுதித் தருவேன். மைப்பெட்டி வேண்டாம்.

வே. துளசிங்கம்